பனை ஏறிய நடுப் பக்கம்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் பனைமரப் படக்கதை நேற்று அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. மொத்தமே 24 பக்கம். அட்டையில் என் பெயர் முதலில் இருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் எழுத்தும் ஓவியர் ஆதிமூலத்தின் கோடும் சேர்ந்து வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும், எழுதி முடித்த பிறகு படம் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

முதல் நன்றி, புத்தகத்தை வடிவமைத்த தங்கைக்கு. மாமா பனை ஏறும் காட்சியை நான் 16ஆம் பக்கத்தில் வைத்திருந்தேன். புத்தகத்தைக் குறுக்கே திருப்பினால் மரம் இரண்டு பக்கத்துக்கும் நீள வேண்டும் என்பது ஓவியர் அண்ணனின் ஆசை. தங்கை ஒரு வெள்ளைத்தாள் கட்டை மடித்து நடுவில் பின் அடித்துக் காட்டினாள். 12, 13 மட்டுந்தான் ஒரே தாளில் சேர்ந்து வரும். வேறு எங்கே வைத்தாலும் பாதி மரம் ஒரு தாளில், மீதி இன்னொன்றில். மடிப்பு மயிரிழை விலகினாலும் பனை முறிந்து நிற்கும். சரி, என்ன செய்வது? “முன்னாடி நாலு பக்கத்தைக் குறைங்கண்ணா” என்றாள். பாட்டி வரும் நான்கு பக்கம் போயிற்று. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

அதோடு விட்டாளா? “கறுத்து உயர்ந்த பனை” என்ற வரியையும் அடித்தாள். படத்தில்தான் கறுத்து உயர்ந்து நிற்கிறதே! இப்போது அந்த இரட்டைப் பக்கத்தில் இருப்பது “மாமா ஏறினார்” மட்டும், அதுவும் மரத்தின் தூரில். நேற்று என் மகள் அதை வாசித்துவிட்டு, விரலால் தூரிலிருந்து உச்சிவரை தடவிக்கொண்டே போனாள்.

ஓவியர் அண்ணனுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். ‘ஒரு பனை’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்தது நான். அவர் ஆண்பனையின் கதிர்களை அழகாக வரைந்து, அதே மரத்தில் நுங்கையும் தொங்கவிட்டார். உடன்குடிப் பக்கத்துப் பனையேறி அண்ணாச்சி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நுங்கு காய்ப்பது பெண்பனையில் மட்டும். மாமா கையிலிருந்த அரிவாளை இடுப்புப் பெட்டிக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான். மரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. அண்ணன் முகம் சுளிக்காமல் மொத்தத்தையும் மறுபடி வரைந்தார்.

எழுத்துகள் வண்ண அச்சின் நான்கு மையிலும் விழ இருந்ததைக் கண்டுபிடித்து, கறுப்பில் மட்டும் வரும்படி மாற்றச் சொன்ன அச்சகத் தம்பிக்கும் நன்றி. இல்லாவிட்டால் பொடி எழுத்தெல்லாம் நிழல் தட்டியிருக்கும்.

அண்ணாச்சி, உங்களுக்குப் பத்துப் பிரதி பார்சலில் வருகிறது. பதநீர் முடிவதற்குள் நானும் வந்துவிடுகிறேன்.

அப்புறம் தங்கச்சி, பாட்டியின் அந்த நான்கு பக்கம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு வருகிறேன். கத்தரியை ஒளித்து வை.