ஆண்டறிக்கை: நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியும் நமது மாதக் கூட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற அரசு அலுவலர்களான நாம் எஸ்.எஸ். காலனியில் நடத்தும் இந்த மன்றத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைச் சொல்கிறேன். ஓய்வூதியர் நேர்காணலுக்குத் தனியாகப் போக முடியாதவர்களைக் கருவூலத்துக்கு அழைத்துப் போய்வந்தோம். கண் பரிசோதனை முகாம் நல்லபடியாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

விரிவாகச் சொல்ல வேண்டியது மாதக் கூட்டத்தைப் பற்றித்தான். நாற்காலிகளைப் போடுவதும் அப்படியே திரும்ப அடுக்குவதுமாக இருந்த கூட்டம் அது. பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பேசிப் பார்க்கலாமே என்று தலைவர் யோசனை சொன்னார். ஆனி மாதக் கூட்டத்தில் 'எஸ் மினிஸ்டர்' பேச்சு வந்தது. பி.பி.சி.யில் 1980-ல் தொடங்கிய தொடர். எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜோனதன் லின். அமைச்சர் ஹாக்கராகப் பால் எடிங்டனும், துறைச் செயலாளர் சர் ஹம்ப்ரியாக நைஜல் ஹாதோர்னும் நடித்தார்கள். லண்டன் கதைதான், ஆனால் ஆயுசு முழுக்க ஃபைலோடு கிடந்த நமக்கு அது பக்கத்து செக்‌ஷனில் நடப்பது போலவே இருக்கும்.

1981-ல் வந்த ஒரு பகுதியில் புத்தம்புது ஆஸ்பத்திரி ஒன்று வரும். ஐநூறு பேர் வேலை பார்க்கிறார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. அமைச்சர் பதறிப்போய்க் கேட்கிறார். நமது உறுப்பினரான ஓய்வுபெற்ற துணை தாசில்தார் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், ஹம்ப்ரியின் பதிலை மதுரைப் பேச்சில் எடுத்துவிட்டார்: "ஐயா, மொதல்ல ஆஸ்பத்திரி ஒழுங்கா ஓடணும்ல? இந்த நேரத்துல நோயாளிக வந்து நின்னா அதுக்கு என்னய்யா ஒத்தாசை?"

சிரிப்பு அடங்கவே நேரமானது. அப்புறம் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. அதைவிட, சுற்றிக் காட்டும் நிர்வாகி அம்மா சொல்வதுதான் உச்சம் என்றார் ஓர் உறுப்பினர். நாட்டிலேயே மிக நன்றாக நடக்கும் ஆஸ்பத்திரிகளில் இதுவும் ஒன்று, மிகச் சுத்தமான ஆஸ்பத்திரிக்கான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதுக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்வார். ஆஸ்பத்திரி ரிக்கார்டு செக்‌ஷனில் இருந்து ஓய்வுபெற்ற அக்கா, "கட்டில் கிடைக்காத நோயாளிகளைத்தான் என் சர்வீஸில் பார்த்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாங்கி வைத்த பருத்திப்பாலை யாரும் தொடவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பகுதியைத் திரையில் போட்டே பார்த்துவிட்டோம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஹம்ப்ரி அந்தப் பதிலை நக்கலாகச் சொல்லவில்லை. முழு மனதோடு நம்பிச் சொல்கிறார். அந்த ஐநூறு பேரின் வேலையைப் பற்றி அவர் பேசும்போது குரலில் உண்மையான கரிசனம் இருக்கிறது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர், தன் அலுவலகத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த வசனம் சிரிக்க வைப்பது அதனால்தான். மனுவோடு வாசலில் நிற்கும் ஆளைவிடப் பதிவேடு சரியாக இருப்பதே பெரிதாகத் தெரிந்த நாட்கள் நம் எல்லோர் சர்வீஸிலும் உண்டு. கூட்டத்தில் அதைப் பலரும் மனம்விட்டுப் பேசினார்கள். வெகுநாளாக வராதிருந்தவர்கள் அன்றுமுதல் தவறாமல் வருகிறார்கள். இதை இந்த ஆண்டின் சிறந்த பணியாகவே கருதுகிறேன்.

வரும் ஆண்டில், ஹாக்கர் பிரதமரான பிறகு 1986-ல் தொடங்கிய தொடரை எடுத்துக்கொள்கிறோம். தமிழ்த் தொடர்களுக்கும் ஒரு மாதம் ஒதுக்க வேண்டும் என்று மகளிர் உறுப்பினர்கள் கேட்டிருக்கிறார்கள், செயற்குழு ஏற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி பழையது, பின்வரிசைக்குச் சரியாகக் கேட்பதில்லை. புதிது வாங்க வேண்டியிருப்பதால், சந்தா பாக்கியைத் தை மாதத்துக்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்