விளையாட்டு நிர்வாகம் படிப்போருக்கு வரலாறும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டுத் துறையில் வேலை தேடும் மாணவர்கள் மேலாண்மைப் பட்டமே போதும் என்று நம்புவது வருத்தமளிக்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் பெயரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய முதுநிலைப் படிப்பில், மாணவர்கள் இத்தாலியின் மிலானில் மேலாண்மையையும் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டலில் சட்டத்தையும் பயில்வதற்கு முன்பாக, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் விளையாட்டின் வரலாற்றையும் சமூகப் பின்னணியையும் கற்கிறார்கள். அதுவே சரியான வரிசை என்பேன். நம் கிராமம் ஒன்றில் கபடிப் போட்டி நடத்துபவர், ஊர் வழக்கத்தையும், சாதி உரசல்களையும், மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் அச்சத்தையும் அறியாமல், விளம்பரதாரர் பட்டியலையும் வரவுசெலவுக் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், தன் மேலாண்மை மாணவர்களுக்கு விளையாட்டு வரலாற்றை முதல் பருவத்திலேயே கட்டாயத் தாளாக வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், செங்கல்பட்டு