தலைவலி நோட்டு

அன்புள்ள மாலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்றுத்தான் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று உன் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுத மாதிரி இருக்கிறது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

ஆனால் கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்த இரண்டு வரிதான் மனசை விட்டுப் போகவில்லை. "மாத்திரை போட்டுப் போட்டு வெறுத்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இயற்கை மருத்துவத்துக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன்." அந்த வெறுப்பு எனக்குத் தெரியும். 22 வருஷமாக இந்த ஒற்றைத் தலைவலியோடு இருக்கிறவள் நான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

போன வாரம் எனக்கு வந்ததையே சொல்கிறேன். சாயங்காலம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையின் நடு எழுத்து மட்டும் காணாமல் போனது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன மினுமினுப்பு. அது மெல்லப் பெரிதாகி, ரம்பப் பல் மாதிரி வளைந்த கோடாகி, பார்வையின் ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. இருபத்தைந்து நிமிஷம் இருக்கும், விளிம்புக்குப் போய் மறைந்துவிட்டது. அதற்குப் பின்னால்தான் இடது பொட்டில் அந்தத் துடிப்பு வந்தது. இதை 'ஆரா' என்கிறார்கள். எல்லோருக்கும் வராது. முதல் தடவை வந்தபோது கண்ணில்தான் கோளாறு என்று பயந்து கண்ணாடியை மாற்றினேன். உண்மையில் அது மூளையின் மேற்பரப்பில், நிமிஷத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் ஒரு மின் அலை. 1944-ல் லியாவ் என்ற பிரேசில் நாட்டு விஞ்ஞானி முயலின் மூளையில் இப்படி ஒரு அலையைக் கண்டு எழுதினார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

வலி இறங்கிய மறுநாள் நோட்டைப் புரட்டினேன். மூன்று வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குத் தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன், மாதவிலக்கு நாள், மாத்திரை போட்டேனா, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வரி. வலி வந்ததற்கு முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "காரணமில்லாமல் கொட்டாவி. பின்கழுத்து இறுக்கம். சாக்லேட் வேண்டும் போல இருந்தது, சாப்பிட்டேன்."

மாலா, சாக்லேட்டால்தான் எனக்குத் தலைவலி வருகிறது என்று எத்தனை வருஷம் உன்னிடம் சொல்லியிருப்பேன்! நோட்டில் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்த பிறகுதான் புரிந்தது. கொட்டாவியும், கழுத்து இறுக்கமும், இனிப்பு மேல் ஆசையும் ஒன்றாகவே வருகின்றன. சாக்லேட்டைச் சாப்பிடாத தடவையும் வலி வந்திருக்கிறது. அதாவது தலைவலி ஏற்கனவே தொடங்கிவிட்டது, அதுதான் சாக்லேட்டைக் கேட்டிருக்கிறது. வலிக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்னால் இப்படி அறிகுறிகள் வருவது நிறைய பேருக்கு உண்டு என்று டாக்டரும் சொன்னார். நானோ ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளாகப் பழி போட்டு ஒதுக்கி, கடைசியில் பாதிப் பட்டினி கிடந்தேன். பட்டினியே தலைவலியைக் கிளப்பும் என்பது அப்போது உறைக்கவில்லை.

சரி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உன் வெறுப்பில் நியாயம் இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கும். ஒற்றைத் தலைவலிக்கென்றே இருக்கும் டிரிப்டான் வகை மாத்திரையோ, இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையோ என்றால் மாதம் 10 நாளே போதும். நான் நோட்டில் எண்ணிப் பார்த்த முதல் மாதம் 17 நாள் வந்தது. டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் வலி இன்னும் கூடியது, அழுதிருக்கிறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விழுந்தது. இப்போது மாதம் நான்கு நாளைக்கு மேல் போடுவதில்லை. ஆனால் போட வேண்டிய அன்றைக்கு ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறேன். வலி ஏறிய பிறகு வயிறும் மந்தமாகிவிடும். அப்போது விழுங்கும் மாத்திரை சரியாக உள்ளே போய்ச் சேராது.

அதற்காக நீ பாட்டுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதே. வலி வராமல் இருக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு மாத்திரை வேறு கணக்கு. புரோப்ரனலால் மாதிரி மருந்தைச் சட்டென்று விட்டால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது நீ கேட்ட இயற்கை வழிகள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, என் அனுபவத்தில் பலனும் உண்டு. நான் எடுத்தது மக்னீசியமும் ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினும். ஆராய்ச்சிகளில் பி2-வை நாளுக்கு 400 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மக்னீசியமும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் ஆரம்பிப்பார்கள். பி2 எடுத்தால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், பயப்படாதே. மக்னீசியம் சிலருக்கு வயிற்றைப் போக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைக் கேட்காமல் தொடவே கூடாது. இரண்டுமே இன்று போட்டு இன்று வலி போகும் சரக்கல்ல. மூன்று மாதம் விடாமல் எடுத்தால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். ஆறாவது வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிட இருந்தேன். நோட்டுதான் என்னைத் தடுத்தது. வலி வந்த நாட்கள் ஒன்பதிலிருந்து ஏழாகியிருந்தன.

ஒன்றை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இயற்கை என்று எழுதியிருப்பதை எல்லாம் வாங்கிச் சாப்பிடாதே. பட்டர்பர் என்று ஒரு செடி. அதன் கிழங்குச் சாறு ஒற்றைத் தலைவலியைக் குறைக்கிறது என்று ஆய்வுகளே காட்டின. 2012-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் கழகம் அதைப் பரிந்துரைத்தது. பிறகு அதனால் கல்லீரல் கெட்டுப்போகும் ஆபத்து வெளியே வந்தது. 2015-ல் அந்தப் பரிந்துரையையே விலக்கிக்கொண்டார்கள். ஃபீவர்ஃபியூ என்ற மூலிகையிலும் கவனம் வேண்டும், சிலருக்கு வாய்ப்புண் வரும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. மகளுக்கும் தலைவலி இருப்பதாக நீ எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

இஞ்சி நல்லது. எனக்குக் குமட்டலை அடக்குகிறது, வலியை அவ்வளவாகத் தொடவில்லை. வலி வந்த அன்று நான் செய்வது சின்னதுதான். அறையை இருட்டாக்கி, ஈரத்துணியை மடித்துக் குளிரவைத்து நெற்றியிலும் பின்கழுத்திலும் போட்டுக்கொள்கிறேன். துணி சூடேறும்போது மறுபக்கம் திருப்பிப் போடுவேன். அந்தக் குளிர்ச்சி பொட்டைத் தொடும் நேரத்தில் மூச்சு தானாகவே நீளமாகும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கிறேன்.

என்னைக் கேட்டால், இது எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து ஒழுங்கான நேரம். நம்மைப் போன்றவர்களின் மூளைக்கு மாற்றம் ஆகாது. தூக்கம் குறைந்தாலும் வலி, விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் கூடத் தூங்கினாலும் வலி. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அதே மணிக்கு எழுந்துவிடுகிறேன். காபியும் அப்படித்தான். தினம் ஒன்று, அதே நேரத்தில், அளவு மாறாமல். நாலு வேளை குடித்துவிட்டு ஒரு நாள் நிறுத்தினால் அதற்கே தலை வலிக்கும். நடை இன்னொன்று. வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்ததாக 2011-ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு வந்தது. நான் முதலில் பத்து நிமிஷத்தில் தொடங்கினேன். எடுத்த எடுப்பில் வேகமாக நடந்தால் அதுவே வலியைக் கிளப்பிவிடும்.

நம் வயசும் ஒரு காரணம். மாதவிலக்கு நிற்கப்போகும் இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி ஏறி இறங்குவதால் பலருக்கு வலி கூடுகிறது. நின்று சில காலம் போனபின் நிறைய பெண்களுக்குக் குறைந்துவிடும். அந்த நாளுக்காகத்தான் நானும் காத்திருக்கிறேன்.

உன் வலி வழக்கமானதாக இருக்கும்வரை இதெல்லாம் சரி. இடி விழுந்த மாதிரி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போனால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால் துணியும் இஞ்சியும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. மகளுக்குக் கண்ணில் அந்த ரம்பக் கோடு தெரிகிறதா என்றும் கேள். தெரிந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லச் சொல். பக்கவாத ஆபத்து அவர்களுக்குக் கூடும்.

இன்றைக்கே ஒரு நோட்டு எடு. பழைய மாத்திரை அட்டைகள் அலமாரியில் கிடக்கும், எண்ணிப் பார். போன மாதம் எத்தனை நாள் போட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

உன்,
விஜி