வெள்ளிக் காசு விஷத்தைக் காட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பிடித்ததும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் அணைக்கட்டுப் பக்கத்துக் கொல்லை வரப்புகளிலும் சின்னப் புற்றுக்காளான் (டெர்மிடோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ்) தலைகாட்டும். கூடவே, "குழம்பில் வெள்ளிக் காசு போடுங்கள், கறுக்காவிட்டால் சாப்பிடலாம்" என்ற குறிப்பும் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஈரலை அழிக்கும் அமாடாக்சின் நஞ்சுக்கு வெள்ளி கறுக்காது. அரிசி, மஞ்சள், பூண்டும் நிறம் மாறாது. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூச்சி அரித்த காளான் நல்லதென்பதும் வீண்பேச்சு. புழுவும் நத்தையும் விஷக் காளானையும் தின்னும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் கரையான், பூஞ்சை வளரும் பஞ்சு போன்ற கூட்டின் துண்டுகளை மழைக்காலத்தில் வெளியே கொண்டுவந்து தரையில் பரப்பும். இந்தக் காளான் முளைப்பது அவற்றிலிருந்துதான். அதனால் ஒன்றிரண்டாக வராது, அரிசி இறைத்தது போல நூற்றுக்கணக்கில் வரும். பெரிய புற்றுக்காளானுக்கு உள்ள நீண்ட வேர் இதற்கில்லை. குடை 1 முதல் 2.5 செ.மீ. இருக்கும், நடுவில் கூர்முனை, விரிந்தால் ஓரம் கிழியும். காம்பில் வளையமோ அடியில் பையோ இருந்தால் அது வேறு காளான்.

சந்தேகமிருந்தால் குடையை மட்டும் அறுத்து, பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் செவுள் (குடையின் அடியிலுள்ள மடிப்புகள்) கீழாக வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். இதன் வித்துப்பொடி இளஞ்சிவப்பாக விழும். பழுப்பு விழுந்தால் வியர்வையும் எச்சிலும் பெருக வைக்கும் இனோசைபி என்ற விஷக் காளானாக இருக்கலாம். வெள்ளை விழுந்தால் லெபியோட்டா என்ற காளானாக இருக்கலாம். அதில் சில வகைகளில் அமாடாக்சின் உண்டு. ஆனால் இளஞ்சிவப்பு மட்டும் போதாது, எண்டோலோமா என்ற நச்சுக் காளானும் அதே நிறம்தான். அதன் செவுள் பெரும்பாலும் காம்போடு ஒட்டியிருக்கும், புற்றுக்காளானில் ஒட்டாது. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

காலையிலேயே பறித்துவிட வேண்டும், மாலைக்குள் புழு விழும். புற்றைத் தோண்டாமல் காம்பை அறுத்தால் போதும். கரையான் மருந்து தெளித்த கொல்லையிலும், தோல் தொழிற்சாலைக் கழிவு தேங்கும் பாலாற்றங்கரை மண்ணிலும் பறிக்கக் கூடாது. காளான் மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். இதற்கு 'விதை' விற்கிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். கரையான் இல்லாமல் இதைப் பண்ணையில் வளர்க்க முடியாது.

மண் ஒட்டிய அடியை நறுக்கி, ஊறப்போடாமல் ஓடும் தண்ணீரில் அலசி, குறைந்தது 15 நிமிடம் வேகவைக்கவும். முதல்முறை ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி, பேதி வந்தால் அதுதான் மிகப் பெரிய ஆபத்து. மறுநாள் தெளிந்ததுபோலத் தோன்றினாலும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். மீதிக் காளானை பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
காளான் பறிப்பவர்கள் சிலர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்