ரெஃப்ரியின் அம்மா எழுதுவது

தூத்தூர்
திங்கள் இரவு

மக்களே,

நேற்று போனில் உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாய். நானும் நம்பினதாகவே இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ரெஃப்ரியாக ஊதின ஃபுட்பால் மேட்சில், எல்லோ கார்டு வாங்கினவனுக்கே இரண்டாவதையும் காட்டிவிட்டு, அவனை வெளியே அனுப்புகிற ரெட் எடுக்க மறந்தாய். அவன் உள்ளேயே நின்று கோலும் அடித்துவிட்டான். தப்புதான். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

2006 உலகக் கோப்பை ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயசு. ஸ்டுட்கார்ட்டில் குரோஷியாவும் ஆஸ்திரேலியாவும். நமக்கு நடுச்சாமம். தெருவே டிவி முன்னால் கிடந்தது. இங்கிலாந்து ரெஃப்ரி கிரஹாம் போல், சிமுனிச்சுக்கு 61ஆம் நிமிடம் ஒரு எல்லோ, 90ஆம் நிமிடம் இன்னொன்று. "ரெட் எடுடா" என்று உன் அப்பா எழுந்தே விட்டார். அந்த மனுஷன் எடுக்கவில்லை. மூன்றாவது எல்லோவும் காட்டின பிறகுதான் ரெட் வந்தது. கார்டு வாங்கினவன் குரோஷியாவின் 3ஆம் நம்பர். ரெஃப்ரி தன் நோட்டில் எழுதியிருந்தது ஆஸ்திரேலியாவின் 3, அதனால்தான் அந்தத் தப்பு. உலகக் கோப்பை அவருக்கு அத்தோடு முடிந்தது. ஆனாலும் மறு சீசன் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வந்து விசில் ஊதினார். எத்தனை கேலரி சிரித்திருக்கும், யோசித்துப் பார்.

கேலரி என்றதும் ஒன்று. ரெஃப்ரியைத் திட்டுகிறவன் எவனும் அம்மாவை விட்டுவைப்பதில்லை. நீ முதன்முதலில் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால்) ஃபைனல் ஊதினபோது என் பக்கத்தில் இருந்தவன் என்னை நாற்பது நிமிஷம் திட்டினான். நான்தான் அது என்று அவனுக்குத் தெரியாது. நடுவில் எனக்குக் கடலைப் பொட்டலம் நீட்டினான். வாங்கித் தின்றேன். நல்ல வறுவல்.

ரெஃப்ரி வேலையை விட்டுவிடுகிறேன் என்றாயே, அது உன் இஷ்டம். ஆட்டத்துக்குக் கிடைக்கிற காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிறது என்பது எனக்கும் தெரியும். அதனால் கம்பெனி வேலையை மட்டும் எந்தக் கோபத்திலும் விடாதே. பெரிய ரெஃப்ரிகளுக்கும் வேறு வேலை இருந்தது: ஹோவர்ட் வெப் போலீஸ்காரராக இருந்தார், கொலினா நிதி ஆலோசகராக இருந்தார். நம்ம கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை ரெஃப்ரியாகக் கொடி பிடித்தாரே, அவரும் இப்படி ஊர் ஊராக மைதானங்களில் ஓடித்தான் அங்கே போயிருப்பார்.

அடுத்த மாதம் உனக்கு ரெஃப்ரிகளுக்கான ஓட்டத் தேர்வு. 75 மீட்டர் 15 விநாடியில் ஓட்டம், 25 மீட்டர் 18 விநாடியில் நடை, மொத்தம் 40 தடவை. போன லீவில் பள்ளி மைதானத்தில் நான்தானே உனக்கு நேரம் பார்த்தேன்? முப்பதுக்கு மேல் உன் நடை தளர்ந்தது. ஓட்டத்தில் குறையில்லை, அந்த நடையைத்தான் நீ கவனிக்கவில்லை.

இனி நோட்டில் நம்பரோடு டீமையும் எழுது. உன் கையெழுத்து அவசரத்தில் எனக்கே புரியாது.

அப்பா ஆழ்கடலுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. கரைக்கு வந்தால் இதை நான் சொல்லப் போவதில்லை. நீயே போன் போட்டுச் சொல்.

அம்மா