சம்பா முன்பதிவு: வயல்மேட்டிலிருந்து உங்கள் வாசல்வரை யார் பொறுப்பு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தூயமல்லி, சீரகச் சம்பா என்ற பாரம்பரிய அரிசி ரகங்களின் முன்பதிவுக்கு இந்த முறை கால் பங்கு முன்பணம் கேட்டிருந்தோம். "அறுவடை முடியட்டும், அரிசியைப் பார்த்துக் காசு தருகிறோம்" என்று சிலர் சொன்னீர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அதுவரை வரும் நட்டமெல்லாம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காவிரி டெல்டாவில் சம்பா தை, மாசியில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்துவிடும் என்பது கணக்கு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், கதிர் முற்றி நின்ற நேரத்தில் கொட்டியது. பாரம்பரிய ரகங்கள் உயரமானவை, மழைக்காற்றில் எளிதில் சாய்ந்துவிடும். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை கூடுதல். சாய்ந்த பயிரை அறுக்க நேரமும் அதிகம் பிடிக்கும்.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அறுத்துக் காய்வதற்காக வயலில் பரப்பிவைத்த பயிருக்கு, அறுவடைக்குப் பின் 14 நாள்வரை அதில் இடமுண்டு. இன்று கதிரை யார் பரப்புகிறார்கள்? இயந்திரம் அறுத்த கையோடு நெல்லாகக் கொட்டிவிடுகிறது. அந்தக் குவியல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் சில நாள்கள்தான் உழவருக்குப் பெரிய கண்டம். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்வரைதான் எடுப்பார்கள். பெருமழைக்குப் பிறகு சில சமயம் தளர்த்துவார்கள். அங்கே சன்னம், பொதுரகம் என்று இரண்டே விலை. தூயமல்லி என்ற பெயருக்குத் தனியாக ஒரு காசு கிடையாது.

தனியார் வியாபாரத்தில் இந்த ஈரத்தை வைத்துத்தான் விலையைக் குறைப்பது. ஒரு பிடி நெல்லை அள்ளி, கடித்துப் பார்த்து, "பச்சையா இருக்கு, மூட்டைக்கு இவ்வளவு கழிச்சுக்கிறேன்" என்பார்கள். வானம் இருட்டிக்கொண்டு நிற்கும்போது உழவர் என்ன பேரம் பேசுவார்? கணக்கு என்னவோ எளிதுதான். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 93 கிலோ தேறும். ஏழு கிலோ குறைவது இயற்கை. அதற்கு மேல் கழித்தால் அது மழையைக் காட்டிச் சம்பாதிப்பது.

ஆகவே எங்களோடு பயிரிடுபவர்களிடம் நடவு நேரத்திலேயே ஓர் அடிவிலை பேசிவிட்டோம். அறுவடையில் சந்தை அதற்குக் கீழே போனாலும் அதே விலை. மேலே போனால் கூடுதலில் பாதி அவர்களுக்கு. ஈரமானியை வயல்மேட்டுக்கே கொண்டுபோய், உழவர் கண்முன் அளந்து, காய்ந்த எடைக்குப் பணம். எடை போட்ட நொடியிலிருந்து நெல் எங்களுடையது. லாரி சேற்றில் சிக்கினாலும், தார்ப்பாய் கிழிந்து மூட்டை நனைந்தாலும், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி கூடினாலும் எங்கள் செலவு. பதரும் கருக்காயும் மட்டும் உழவர் கணக்கு. தூற்றித் தருவது அவர் கையில் இருக்கிறது.

உங்கள் பங்கு சிறியது. அறுத்த உடனே அரிசி வராது. புது அரிசி குழையும் என்பது உங்களுக்கே தெரியும். நெல்லாக ஆறு மாதம் வைத்திருந்து அரைத்துத் தருகிறோம். அந்த ஆறு மாதமும் எங்கள் பணம் குதிரில் முடங்கியிருக்கும். எலி, வண்டு, எடைக்குறைவு எல்லாம் எங்களோடு. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி வந்தால் நல்ல அரவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கிலோ விலை ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். முன்பணம் கொடுத்தவர்களுக்கு விலை இப்போதே உறுதி. நடுவில் சந்தை ஏறினாலும் மாற்ற மாட்டோம். இறங்கினாலும் அதேதான், அதைக் கோபிக்காமல் ஏற்கவேண்டும்.

மகசூல் குறைந்தால்? பதிவு செய்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் எல்லோருக்கும் பிரித்துத் தருவோம். தரமுடியாத அளவுக்கான முன்பணம் முழுதாகத் திரும்பி வரும். வேறெங்கோ வாங்கிக் கலந்து மூட்டையை நிரப்புவது மட்டும் நடக்காது. உணவகம் நடத்துபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்து, பற்றாக்குறைக்குப் பொன்னி போல வேறு அரிசிக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

எங்கள் மூட்டை ஏன் 26 கிலோ என்று கேட்பவர்களுக்கு: அச்சிட்ட பொட்டலமாக 25 கிலோ வரை விற்றால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி. ஊரே அந்த ஒரு கிலோவைக் கூட்டிவிட்டது, நாங்களும்தான்.

பார்சல் அலுவலகத்தில் மூட்டையை எடுக்கும்போது தையலைப் பாருங்கள், அடிப்பக்கம் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். பிரிந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ ரசீதில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். மாற்று மூட்டை எங்கள் செலவில் வரும். எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் லாரிக்காரரிடம் எங்களால் வாதாட முடியாது.

முன்பதிவு தைப் பொங்கல்வரை.

இப்படிக்கு,
கடையினர், மன்னார்குடி