எயார் பிரிக்கை அடைக்காதே

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். குளிர் தொடங்கியதால் கறிவேப்பிலைக் கன்றை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வேறு புதினம் இல்லை.

நிலப்பலகைக்குக் கீழே குளிர் ஏறாமல் இன்சுலேஷன் பஞ்சு போடப்போவதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனை. நித்திரையும் சரியில்லை. "அவள் எஞ்சினியர், உங்களைவிட அவளுக்குத் தெரியும்" என்கிறாள் அம்மா. தெரியும்தான். கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் நான் அதைத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை.

பலகையைத் தாங்குகிற ஜொயிஸ்டு மரங்களுக்குக் கீழே ஒன்றரை அடிதான் இடம் என்றாய். அப்படியென்றால் கீழே ஊர்ந்து போய்ச் செய்ய முடியாது, மேலிருந்து பலகையைக் கிளப்பத்தான் வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பலகை, அவசரப்பட்டால் பிளந்துவிடும். ஆணிக்குப் பக்கத்தில் கம்பியை வைத்து மெல்ல நெம்பு. மற்ற முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். கிளப்பிய பலகைகளின் அடியில் சோக்கால் நம்பர் போட்டு வை.

ஜொயிஸ்டுகளுக்கு நடுவே வலையைத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, பக்கங்களில் ஸ்ரேப்பிள் அடித்து, அதற்குள் பஞ்சை வை. பஞ்சு பலகையின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குளிர்காற்று அதற்குள்ளால் ஓடும், பஞ்சு போட்டும் போடாதது மாதிரித்தான். அதற்காக அமுக்கித் திணிக்கவும் கூடாது. தண்ணீர்க் குழாய்களுக்குத் தனியாக உறை போடு. வீட்டுச் சூடு இனி கீழே இறங்காது, அந்த இடம் முன்னையைவிடக் குளிரும், குழாய் உறைந்துவிடும். கரண்ட் வயரைப் பஞ்சுக்குள் புதைக்காதே, சூடேறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஜொயிஸ்டின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் பார்க்கிற மீட்டரைக் குத்திப் பார். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் வேலையை நிறுத்து. அது எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி.

எயார் பிரிக்கை மட்டும் அடைக்காதே. வெளிச்சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற கல்லைத்தான் சொல்கிறேன். ஒரு பக்கத்தால் வந்த காற்று மற்றப் பக்கத்தால் போனால்தான் மண்ணின் ஈரம் மரத்தில் தங்காது. எலி வருகிறதென்றால் கம்பிவலை அடி. அடைக்காதே.

உன் புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தபோது நான் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தேன் என்று உனக்குக் கோபம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுக்கிறாய், அதுவும் அம்மாவின் போனுக்கு. முந்தி மருமகன் போனை வாங்கி, "மாமா, மட்ச் பார்த்தீங்களா" என்று கேட்பார். இப்போது மூன்று மாதமாக, நீ எடுக்கிற நேரமெல்லாம் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். சரி, அதை விடு. பலகை கிளப்பும்போது மாஸ்க் போடு.

ஈஸ்ட்ஹாம் வீட்டில் எயார் பிரிக்குகளை அடைத்தது நான்தான். முந்தின வீட்டுக்காரன் அடைத்தான் என்றுதான் உனக்குத் தெரியும். அது 1992 மாரி. எனக்குப் பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை. காஸ் பில் கட்டக் காசில்லை. காற்றடித்தால் முன்னறைக் கம்பளத்தின் ஓரம் எழும்பி எழும்பி விழும். நீ அந்தக் கம்பளத்தில்தான் தவழ்ந்தாய். முதலில் பழைய காலுறைகளைச் செருகினேன். பிறகு சீமெந்து குழைத்து நான்கையும் பூசிவிட்டேன். அந்தக் கிழமை வீடு சூடாகத்தான் இருந்தது. அம்மாவிடம் பெருமை அடித்தேன்.

அடுத்த வருடம் காளான் மணம் வந்தது. வீட்டுக்குள் உடுப்புக் காயப்போடுகிறாள் என்று அம்மாவைத்தான் ஏசினேன். நாலு வயதில் உனக்கு முட்டு, ஆஸ்துமா, வந்தது. வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். அம்மாவுக்கு அப்போது இங்கிலீஷ் விளங்காது. நான் அவளைத் திரும்பியும் பார்க்காமல், இல்லை என்று சொன்னேன். வீட்டைப் பற்றிக் கேட்டது என்னைப் பற்றிக் கேட்டது மாதிரி இருந்தது.

அலுமாரிக்குக் கீழே நிலம் இறங்கியபோது உனக்கு ஒன்பது வயது. தச்சுவேலைக்காரர் பலகையைக் கிளப்பி, ஜொயிஸ்டின் முனையைக் கிள்ளி என் கையில் வைத்தார். தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. சீமெந்தைக் காட்டி, யார் அடைத்தது என்று கேட்டார். நீ கதவடியில் முட்டுக்கு இழுக்கிற பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முந்தின வீட்டுக்காரன் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனாள். அவளுக்குத் தெரியும்.

இதை நேரில் சொல்லத்தான் இருந்தேன். குடிபூரலுக்கு வந்த அன்று உன் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததும் அதற்காகத்தான். வெளியே நான்கு எயார் பிரிக்கும் திறந்திருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

கிங்ஸ் குரொஸில் ரயில் ஏறினால் நீ இருக்கிற லீட்ஸுக்கு இரண்டேகால் மணித்தியாலம். ஆணி பிடுங்குகிற கம்பி வீட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன். முழங்காலுக்குக் கட்டுகிற மெத்தை இரண்டு சோடி வாங்கிவிட்டேன், உனக்கும் எனக்கும். மூன்றாவது சோடி வேண்டுமா என்று மட்டும் சொல்.

அப்பா